மூட்டத்தில் தட்டியவன்

நாய் வாலை ஆட்டவில்லை. தெசியோ முதலில் கவனித்தது அதைத்தான். பனிமூட்டத்துக்குள் ஓடிய ஆட்டைத் தேடிப் போன அண்ணன் நுன்ஸியோ திரும்பி வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கணப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவன் வளர்த்த நாயோ மேசைக்கடியில் ஒண்டிக்கொண்டு நடுங்குகிறது.

தெசியோ கீழே சுல்மோனா சந்தையில் பாலாடைக்கட்டி வியாபாரி. அண்ணனின் சரக்கை முகர்ந்து முகம் சுளித்து விலையைக் குறைக்கவென்றே கோடைதோறும் மயெல்லா மலையின் இந்த ஆட்டுப்பட்டிக்கு ஏறி வருவான். மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லி அண்ணன் ஏசுவான். இன்று ஏச்சு இல்லை. பேச்சே இல்லை.

பகல்தான். ஆனால் சன்னலில் வெறும் வெள்ளை. புளித்த மோர் வாடை, ஈரக் கம்பளி வாடை, அவற்றுக்கும் அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை. விறகு வெடிக்கும் ஓசைக்கு நடுவே எங்கோ ஓர் ஆட்டின் கழுத்துமணி தயங்கித் தயங்கி நெருங்கி வந்து, வாசலில் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தான்டா. கால் ஒடிஞ்சுபோச்சு. தவழ்ந்தே வந்தேன். திற."

அண்ணனின் குரல்.

மூட்டத்தில் வந்து தட்டுகிறவன் பெயரைச் சொன்னால் இந்த மலையில் கதவு திறக்காது. 'கிறிஸ்தியானோ' என்று சொல்ல வேண்டும். இவர்கள் பேச்சில் அதற்கு மனிதன் என்று பொருள். மனிதனல்லாத எதற்கும் அந்தச் சொல் வாயில் வராது என்பார்கள்.

"அண்ணே, யாருன்னு ஒழுங்கா சொல்லு."

"கிறிஸ்தியானோடா, கழுதை. இந்தக் குளிர்லயும் பேரம் பேசறியா?"

தெசியோவுக்கு உயிர் வந்தது. உடனே போனது.

அப்படியானால், உள்ளே?

முதலில் வந்தவனிடம் அவன் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. சன்னல் வழியே தொப்பி தெரிந்தது. திறந்துவிட்டான்.

கதவை நோக்கிப் பாய்ந்தான். அது அவனுக்கு முன்னால் அங்கே இருந்தது. கை தாழின்மேல். முகம் அண்ணனுடையது. வாய் மட்டும் அசையத் தெரியாமல் அசைந்தது.

"கி..."

வெளியே நகங்கள் பலகையைச் சுரண்டின. "தெசியோ, கை மரத்துப்போச்சுடா."

"கிறி... கிறிஸ்..."

அது காதைப் பலகையில் ஒட்டி வைத்துக் கேட்டது. பொறுமையாக. பிறகு திரும்பி, அண்ணனின் குரலில், அண்ணனின் கேலியோடு, பிசிறில்லாமல் சொன்னது:

"கிறிஸ்தியானோடா, கழுதை."

வெளியே சுரண்டல் நின்றுவிட்டது.