நீக்கிய பின்னும் ஊதிய சங்கு

மாரீஸ்வரியிடம் விசாரணைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்க வருகிறவர்கள். அதனால் அந்தப் புதன்கிழமை காலை, பள்ளிவாசல் என்னும் மலையூரில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த அவருடைய சின்ன அலுவலகத்துக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்து, தன் பிழைப்பை ஒரு சங்கு கெடுக்கப் பார்க்கிறது என்று சொன்னதும், மூலையில் உட்கார்ந்திருந்த சுருளிவேல் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்துவிட்டார்.

மாரீஸ்வரிக்கு ஐம்பத்து மூன்று வயது. எஸ்டேட் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். குரலைக் கேட்டே மேனேஜருக்குக் கோபமா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவார். டெலிபோன் போர்டைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, பழகிய காதைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் இந்தத் துப்பறியும் தொழிலைத் தொடங்கினார். சுருளிவேல் அவருடைய கணவரின் தம்பி, ஜீப் ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நாளில் மதினிக்கு உதவியாளர். யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது அவருக்குக் கைவந்த கலை. அவர் சந்தேகப்பட்ட ஒருவர்கூட இதுவரை குற்றவாளியாக அமைந்ததில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

வந்தவள் பெயர் ஜீவிதா. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். முன்பு பள்ளிவாசலில் ஒரு விடுதியில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த கௌசிக்கோடு சேர்ந்து ஒரு செயலி செய்தாள். யானை இறங்கினால் எஸ்டேட் காவலர் ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். செயலி அதைத் தானே படித்து, போன் ஊமையாக இருந்தாலும் சங்கு ஊதும். விரல் வைத்து அழுத்தும்வரை நிற்காது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இன்டர்நெட் கிடைக்காது, மெசேஜும் போனும்தான் எட்டும். அதனால் அந்தச் சங்குக்காகவே நானூறு குடும்பங்கள் பணம் கட்டி வாங்கியிருந்தன.

நான்கைந்து மாதத்துக்கு முன் ஆப் ஸ்டோரிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. இனி எந்தச் செயலியும் குறுஞ்செய்தியைப் படிக்கக் கூடாது. வங்கி ரகசிய எண்ணைத் திருடும் கள்ளச் செயலிகளுக்காகப் போட்ட சட்டம். திருடனுக்கு விரித்த வலையில் காவல்காரி மாட்டிக்கொண்டாள். யானை, அது இது என்று ஏழு கடிதம் எழுதிப் பார்த்தாள். ஏழுக்கும் ஒரே பதில்தான் வந்தது. வேறு வழியில்லாமல் சங்கை நீக்கி, புதிய பதிப்பை வெளியிட்டாள். அன்றிலிருந்து மலையேறி யார் முகத்தையும் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"எடுத்துப்போட்டு மூணு மாசமாச்சுங்க அக்கா. ஆனா அது இன்னும் ஊதுதுங்க," என்றாள் ஜீவிதா. "நான் ஒளிச்சு வெச்சு ஏமாத்தறனாமா, ஸ்டோர்க்காரங்க சொல்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இல்லைன்னு காட்டலைன்னா கணக்கையே மூடிப்போடுவாங்களாம். அப்புறம் ஆயுசுக்கும் நான் ஒரு செயலி போட முடியாதுங்க."

சான்றாக ஒரு வீடியோவை ஸ்டோர்க்காரர்கள் இணைத்திருந்தார்கள். ஒரு பயனர் அனுப்பியது என்று மட்டும் எழுதியிருந்தது, பெயர் இல்லை. இடத்தை ஜீவிதா பார்த்ததும் கண்டுகொண்டாள். சேம்பனாறு எஸ்டேட்டின் மேல்லயம். பன்னிரண்டு வீடு, பதினோரு பேர் செயலி வாங்கியிருந்தார்கள்.

வீடியோவில் முதலில் ஒரு போன். செயலியின் புதிய பதிப்பு எண் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கை அதை ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்தது. சற்று நேரத்தில் சங்கு ஊதியது. படம் பிடித்தவர் முற்றத்துக்கு ஓடினார். விடியற்காலை வெளிச்சம். வரிசை நெடுகச் சங்கு கேட்டது, ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். தேயிலைக்கு நடுவே ஒரு சாம்பல் முதுகு நகர்ந்து போனது. கடைசியில், ஆபத்து நீங்கியபின், லயத்துக்காரர்கள் அத்தனை பேரும் கேமராவுக்கு முன் வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.

மாரீஸ்வரி அதை இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். முடிந்தபோது பன்னிரண்டு முறை மடக்கியிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சங்குச் சத்தம் எங்கே கிடைத்தது?

பழைய ஃபேக்டரிச் சங்கு அது, நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்து தானும் கௌசிக்கும் ஃபேக்டரி வாசலில் நின்று பதிவு செய்தது என்றாள் ஜீவிதா. அவனிடமும் தன்னிடமும் தவிர வேறு எங்கும் அது இல்லை. கௌசிக்கோடு போன வருடமே சண்டை. அவன் இப்போது சுற்றுலாவுக்கென்று தனியாக ஒரு செயலி நடத்துகிறான்.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. அந்தப் பையனின் பைக்கைச் சேம்பனாறு அடிவாரத்தில் இரண்டு மாதம் முன்பு தானே பார்த்ததாகச் சுருளிவேல் துள்ளினார். "முடிஞ்சுது மதினி. போட்டிக்காரன் பழைய பதிப்பைப் போன்ல ஏத்திவிட்டு, அவனே படம் புடிச்சு அனுப்பியிருக்கான்."

"அப்ப அவன் ஏன் எல்லாரையும் கும்பிட விட்டுப் படம் புடிக்கணும்?" என்றார் மாரீஸ்வரி. அதெல்லாம் திசைதிருப்பல் என்று சுருளிவேல் சொல்லிவைத்தார்.

மறுநாள் காலை மூவரும் ஜீப்பில் கிளம்பினார்கள். வளைவு ஏறும் முன் சுருளிவேல் வண்டியை ஓரங்கட்டி, வீட்டுக்குப் போன் போட்டு ஒரு மணி அடிக்கவிட்டுத் துண்டித்தார். ஒரு மணி என்றால் சோற்றுக்கு வரமாட்டேன் என்று பொருள், இரண்டு என்றால் ஆளோடு வருகிறேன் என்று பொருள். எடுத்துப் பேசிவிட்டால்தான் வீட்டில் பதறுவார்கள். மாரீஸ்வரி தனக்குள் சிரித்துக்கொண்டார். எதற்குச் சிரிப்பு என்று சுருளிவேல் கேட்டதற்கு, ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னார்.

மேல்லயத்தில் திட்டு வாங்கத் தயாராக ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்கினாள். ஆனால் முதல் வீட்டிலிருந்து சின்னத்தாய் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து பறிப்பவர், லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கெட்டிக்காரி. "இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா தாயி?" என்று கேட்டு, பால் விடாத கட்டஞ்சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் அவளைக் குலசாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஜீவிதாவுக்கு அழுகை வந்தது. சங்கைப் பறித்துக்கொண்டவளுக்கு ஏன் இந்த உபசாரம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மாரீஸ்வரி வீடு வீடாக ஏறி, எல்லாருடைய போனையும் வாங்கிப் பார்த்தார். பதினொன்றிலும் செயலி இருந்தது, எல்லாம் புதிய பதிப்பு. ஐந்தாம் வீட்டில் இருந்தவர் சுடலைமணி. தனியாள், காது மந்தம். அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது மெமரி கார்டு போட்ட ஒரு பட்டன் போன். அதை மாரீஸ்வரி கையில் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சுருளிவேலைக் கூப்பிட்டு, கௌசிக்கை அழைத்துவரச் சொன்னார். காட்டுப்பக்கம் இருந்த எஸ்டேட் காவலர் வேல்முருகனுக்கும் சொல்லி அனுப்பினார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். கௌசிக் ஜீப்பிலிருந்து இறங்கியவன் ஜீவிதாவைப் பார்த்ததும் மறுபடி ஏறப்போனான். சுருளிவேல் கதவை மறித்துக்கொண்டு, கைதியைக் கொண்டுவந்த போலீஸ்காரரின் மிடுக்கோடு நின்றார்.

மாரீஸ்வரி உட்கார்ந்தபடியே பேசினார். "மெசேஜ்ங்கிறது மழை மாதிரி. ஒரே நேரத்துல எல்லாக் கூரையிலயும் விழும். செயலி ஊதியிருந்தா, பதினோரு சங்கும் ஒண்ணாத்தான் ஊதியிருக்கணும். வீடியோவுல அப்படி இல்ல. ஒண்ணு நின்ன பிறகு அடுத்தது, அது நின்ன பிறகு அதுக்கடுத்தது. முதல் வீட்டுலேருந்து வரிசையா போகுது. விரல் வைக்கும்வரைக்கும் நிக்காத சங்கு, மூணு அலையிலயே அறுந்து போகுது. இது செயலி இல்ல சுருளி. ஒரு ஆளு உக்காந்து ஒவ்வொரு வீடா கூப்புடுறாரு. நான் இருபத்திரண்டு வருசம் செஞ்ச வேலை, என் காதுக்குத் தெரியாதா?"

வேல்முருகன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சுருளிவேல் தன் வீட்டுக்கு அடிக்கும் மிஸ்டு கால் மாதிரிதான் இது என்றார் மாரீஸ்வரி. யாரும் எடுப்பதில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை. வேல்முருகனின் எண்ணுக்கு மட்டும் ஒவ்வொரு போனிலும் சங்குச் சத்தம் அழைப்பு மணியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் செயலியும் வேண்டாம், ஸ்டோரும் வேண்டாம். அதனால்தான் பதினோரு வீட்டுக்கு விற்ற சங்கு பன்னிரண்டு வீட்டில் ஊதியது. சுடலைமணியின் பட்டன் போனில் எந்தச் செயலியும் ஏறாது. சொல்லிவிட்டு அவர் தலையசைக்க, வேல்முருகன் தன் போனை எடுத்து ஐந்தாம் வீட்டுக்கு அடித்தார். சுடலைமணியின் இடுப்பில் ஃபேக்டரிச் சங்கு அலறியது. ஜீவிதா அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்தச் சத்தம் இவங்களுக்கு எங்கேருந்துங்க கெடச்சுது?" என்று கேட்டவள், கேட்டு முடிக்கும் முன்னே கௌசிக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டே பேருகிட்ட இருந்த சத்தம். ஒருத்தி மூணு மாசமா மலைப்பக்கமே வரல. மிச்சம் யாரு?" என்றார் மாரீஸ்வரி. சுருளிவேல் முகம் மலர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சந்தேகம் பலித்திருந்தது. ஆனால் அவர் நினைத்த குற்றத்துக்கு அல்ல.

கௌசிக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சங்கு நின்றுபோனதும் மேல்லயத்துக்காரர்கள் ஜீவிதாவைச் சபிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். பொறுக்கவில்லை. சத்தத்தை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொரு போனிலும் வைத்துக் கொடுத்திருக்கிறான். வேல்முருகனிடம் மிஸ்டு கால் ஏற்பாட்டையும் சொல்லியிருக்கிறான். எல்லாம் ஜீவிதா கொடுத்தனுப்பியது என்று ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறான். "அவ செஞ்சதை அவ எடுத்துட்டான்னு பேச்சு வரக்கூடாதுன்னு நெனச்சேன்," என்றான். ஒரு வருடக் கோபத்தை எங்கே வைப்பது என்று ஜீவிதாவுக்குத் தெரியவில்லை.

"அப்ப வீடியோ அனுப்புனது யாரு மதினி?" என்றார் சுருளிவேல்.

"காட்டிக்கொடுக்கிறவன் குடும்பப் படம் எடுக்கமாட்டான். கும்பிட்டுக்கிட்டு நின்னாகளே, புகார் பராதி குடுக்கிற ஆளுங்க மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு மாரீஸ்வரி சின்னத்தாய் பக்கம் திரும்பினார்.

சின்னத்தாய்க்கு விஷயம் அப்போதுதான் மெல்ல உறைத்தது. எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சூப்பர்வைசர் வாய்த்தால் லயமே கையெழுத்துப் போட்டு மேனேஜருக்கு எழுதும். நல்ல மேனேஜர் வாய்த்தால் கம்பெனிக்கு எழுதும். எழுதாவிட்டால் நல்லவரை மாற்றிவிடுவார்கள் என்பது அனுபவம். ஆப் ஸ்டோர்தான் ஜீவிதாவுக்கு மேலதிகாரி என்று எண்ணி, சின்னத்தாய் இன்டர்நெட் கிடைக்கும் பஜாருக்கு இறங்கியபோது வீடியோவோடு அங்கே எழுதிவிட்டார்.

"பராதி இல்ல தாயி, நல்லதாத்தான் எழுதுனேன்," என்றார் அவர் குரல் உடைந்து. "நீங்க வேண்டாம்னு சொன்ன பிறகும் இந்தப் பிள்ளை எங்களைக் கைவிடல, சங்கை நிக்கவிடாம ஊத வெச்சிருக்கு, இவளுக்குச் சம்பளம் கூட்டிக் குடுங்கன்னு எழுதுனேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பது இதுதான். முதலில் சிரித்தவள் ஜீவிதா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே சின்னத்தாயைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதமாகத் தன்னைச் சபித்துக்கொண்டிருப்பார்கள் என்று அவள் பயந்த ஊர், அவளுக்குச் சம்பள உயர்வு கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலையே பட்டன் போன் வீடியோவும், சின்னத்தாயின் இரண்டாவது கடிதமும் போயின. இந்த முறை எழுதியதை மாரீஸ்வரி படித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். சம்பளப் பேச்சை எடுத்துவிடச் சொன்னதற்குச் சின்னத்தாய் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. விதிமீறல் இல்லை, கணக்கு தொடரும் என்று இரண்டே வரி. சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று லயத்தில் கொஞ்சம் வருத்தம்.

மற்ற லயங்களுக்கும் மெமரி கார்டோடு போய்வர கௌசிக் ஒப்புக்கொண்டான். வண்டி சுருளிவேலுடையது. ஒரு நிரபராதியைச் சந்தேகப்பட்டதற்கு அதுதான் மதினி விதித்த தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழிஞ்சாம்பாறையில் ஜீவிதா இட்லிக்கு உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் இருந்த போன் திடீரென்று ஃபேக்டரிச் சங்காக அலறியது. அவளுடைய அப்பா காளிச்சாமி கம்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினார். சங்கு மூன்று அலையில் நின்றது. திரையில் ஒரு மிஸ்டு கால், வேல்முருகன்.

அன்று முற்றத்தில் அவளுடைய போனையும் யாரோ வாங்கியது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. காளிச்சாமி திரும்பி வந்து, தோப்பில் எதையும் காணோமே என்றார்.

"ஆனை இங்க இல்லீங்கப்பா," என்றாள் ஜீவிதா. "பன்னெண்டு ஊட்டையும் எழுப்பிப்போட்டு, கடைசியா நம்மூட்டுக்கு அடிச்சிருக்காங்க."

காளிச்சாமி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த ஆனை இங்கே நடந்து வர எத்தனை நாளாகும் என்று கேட்டார்.