தேய்த்து வெளுத்த அரை டாலர்

பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்த பிறகும் ஆர்டிஸ் லிண்ட்வால் கையுறைகளைக் கழற்றவில்லை. ஓரின் ஹாஸ்கி ஊற்றிக் கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், ஓரின். இதைச் செஞ்சது நானா, இல்லையா? நான்தான்னா வெள்ளிக்கிழமை அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுடறேன். முதியோர் இல்லத்துல ரூமை அதுவரைக்கும்தான் பிடிச்சு வச்சிருக்காங்க."

ஓரின் முப்பது வருடம் ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊர் நாணயச் சங்கத்தின் செயலாளர். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் அந்தச் சங்கத்தில் அவருக்கும் ஆர்டிஸுக்கும் இருபத்தாறு வருடப் பழக்கம். அவருடன் வசிக்கும் தங்கை ட்ரூடி அடுப்படியில் நின்றபடி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓய்வு பெற்றதில் அவரைவிட அவளுக்குத்தான் வருத்தம் அதிகம்.

டப்பாவில் ஒரு சாஸர் இருந்தது. அதில் தண்ணீரில் குழைத்த சமையல் சோடா காய்ந்து, வெளியே ஏரிமேல் கிடந்த பனியைப் போல வெள்ளையாக இறுகியிருந்தது. பக்கத்தில் பழைய பல் பிரஷ் ஒன்று. காகித உறைக்குள் ஓர் அரை டாலர்.

ஓரின் நாணயத்தை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தார். 1936-இல் விஸ்கான்சினின் நூற்றாண்டுக்கு அடித்தது. ஒரு பக்கம் மரக்கட்டைமேல் நிற்கும் வளைக்கரடி, மறுபக்கம் குந்தாலியைப் பிடித்த கை. புதுத் தகரம்போலப் பளபளத்தது. ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுடைய நாணயம் அப்படி இருந்ததில்லை. அவள் அப்பா அதை வாங்கிய அட்டையிலேயே எண்பது வருடம் கிடந்தது. அட்டையின் கந்தகம் வெள்ளியில் மெல்ல ஏறி, ஓரத்தில் கருநீலமும் அதற்குள் செம்பும் நடுவே வெளிர்மஞ்சளுமாக ஒரு நிறம் உண்டாகியிருந்தது. பெட்ரோல் பங்க் தரையில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதக்கும்போது தெரிகிற நிறம். தெரிந்தவர்கள் விலை கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான். அது இல்லாத சாதாரண வளைக்கரடி எந்த நாணயக் கண்காட்சியிலும் சல்லிசாகக் கிடைக்கும்.

நாணயம் சேர்க்கிறவர்கள் நாணயத்தைத் தேய்ப்பதில்லை. சங்கத்துக்கு வரும் குழந்தைகளுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே அதுதான். ஆர்டிஸ் எத்தனையோ குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இந்த நாணயம் அவளை இப்படி உலுக்கியது. அவள் புத்தி பிசகிவிட்டது என்று சொல்ல இனி ஒரு டாக்டர் தேவையில்லை. அவளுக்கே தேவையில்லை.

"சனிக்கிழமை என்ன நடந்துச்சு, நிதானமா சொல்லுங்க," என்றார் ஓரின்.

"மதியம் சாப்பிட்டேன். வெய்ன் வந்திருந்தான். அந்த ஃபாரத்தைக் கொண்டுவந்து ஒரு பாட்டம் சத்தம் போட்டான். அப்புறம் வழக்கம்போல நாற்காலியிலேயே தூங்கிட்டேன். முழிச்சப்போ மூணு மணி. மேசைமேல இது எல்லாம் கிடந்துச்சு. நான் ஏப்ரன் கட்டியிருந்தேன். ஏப்ரன் ஈரமா இருந்துச்சு."

"வீட்டுல யார் யார்?"

"வேலைக்கு வர்ற லூப்பே ரெண்டரை மணிக்குத்தான் போனா. வெய்ன் கராஜில ஏதோ தேடிக்கிட்டு இருந்தான். மார்லா மாடியில."

வெய்ன் அவள் மகன், தனி வீட்டில் இருப்பவன். மார்லா மகள். விவாகரத்துக்குப் பிறகு எட்டு வருடமாகத் தாயின் வீட்டிலேயே இருக்கிறாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கார் ஓட்டுவது, டாக்டரிடம் பேசுவது எல்லாம் அவள்தான்.

"வெய்ன்தான்," என்றாள் ட்ரூடி. "வீடு வேணும் அவனுக்கு. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் ஓரின், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். நாணயத்தின் விளிம்பை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மார்லா என்ன சொன்னா?"

"அவ அழுதா. 'ஞாபகம் இல்லையாம்மா? பரவாயில்ல, உன் தப்பு இல்ல'ன்னா. அவ ஒருத்திதான் என்னைத் திட்டல." ஆர்டிஸ் கொஞ்சம் நிறுத்தினாள். "போன மாசம் நான் அடுப்பை அணைக்காம விட்டது நிஜம். அதனால இதுவும் நிஜமா இருக்கலாம்ல?"

ஓரின் நாணயத்தை அவள் பக்கம் நீட்டினார். "இதை நீங்க லென்ஸ் வச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நீங்களா பாக்கல?"

"செத்துப்போன பிள்ளையை யாராவது லென்ஸ் வச்சுப் பாப்பாங்களா?"

அவர் நாணயத்தை உறைக்குள் வைத்தார். "நாளைக்கு எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொல்லுங்க. வெய்னையும்."

மறுநாள் வியாழக்கிழமை. ஆர்டிஸின் சமையலறையில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லூப்பே மட்டும் உட்கார மறுத்துத் தொட்டியருகே நின்றாள். வெய்ன் தொப்பியைக் கழற்றாமல் கடிகாரத்தைப் பார்த்தான்.

"போலீஸ்னு சொன்னா சரி, சம்மன் இருக்கான்னு கேப்பேன். நீங்க சங்கத்துச் செயலாளர். எனக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு."

"அதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் ஓரின். சட்டைப் பையிலிருந்து ஒரு அரை டாலரை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே வளைக்கரடி. ஆனால் ஓரமெல்லாம் ஊதாவும் பழுப்புமாக நிறமேறியது. சுத்தமான சாஸரில் சோடாவைக் குழைத்துப் பக்கத்தில் வைத்தார். மேலே ஒரு புதுப் பல் பிரஷ்.

"ஓரின், அது உன்னோடதாச்சே," என்றாள் ட்ரூடி மெல்லிய குரலில்.

"ஒரு நாணயத்தை வெளுக்கத் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும்னு பாக்கணும். ஆளுக்கு ஒரு நிமிஷம். வெய்ன், நீங்க ஆரம்பிங்க."

வெய்ன் தோளைக் குலுக்கிவிட்டு, கட்டைவிரலை வளைக்கரடியின் மேலேயே அழுத்தி எடுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்தான். ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்டிஸுக்குத் தன் பல்லில் யாரோ அரம் வைத்து ராவுவதுபோல இருந்தது. ஆனாலும் பார்த்தாள். நேற்று முழுக்கப் பார்க்க மறுத்தவள், இன்று பார்த்தாள். அதனால்தான் அவளுக்கு முதலில் தெரிந்தது.

சாஸரில் இருந்த சோடா கறுத்துக்கொண்டிருந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கரி. பிரஷின் நாரெல்லாம் கறுப்பு.

நான் கொண்டுபோன சோடா வெள்ளையாக இருந்தது, என்று நினைத்தாள். எண்பது வருடத்து நிறம் அதில் இறங்கவே இல்லை. அப்படியானால் அது என் நாணயமே இல்லை. நான் எதையும் தேய்க்கவில்லை.

மூச்சு ஒருமுறை முழுதாக உள்ளே போய் வந்தது. ஐந்து நாளில் அதுதான் முதல் மூச்சு. அடுத்த மூச்சுக்குள் இன்னொன்றும் புரிந்துவிட்டது. ஓரின் எதற்காக ஒவ்வொருவர் கையிலும் பிரஷைக் கொடுக்கிறார் என்பது.

"லூப்பே, இப்ப நீங்க."

லூப்பே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஆர்டிஸைப் பார்த்தாள். "மிஸ் ஆர்டிஸ், தேய்க்கட்டுமா? வேலைக்குச் சேந்த அன்னிக்கு, வீட்டுல எதை வேணா தேய், காசை மட்டும் தொடாதேன்னு சொன்னீங்க."

"இன்னிக்குத் தேய், லூப்பே."

அவள் தேய்த்தாள். சுத்தமாக, பொறுமையாக, வளைக்கரடியின் முதுகு பளிச்சென்று வெளுக்கும்வரை. பிறகு நாணயத்தைத் துடைத்து மார்லாவின் முன் வைத்தாள்.

மார்லா அதை இரண்டு விரலால் விளிம்பில் எடுத்தாள். இன்னொரு உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டாள். பதினொரு வயதில் மாநிலக் கண்காட்சியில் சிறுவர் பரிசு வாங்கியவள் அவள். பதினாலு வயதில், போரடிக்கிறது என்று ஆல்பத்தை மூடியவள். கை மட்டும் மறக்கவில்லை.

தேய்த்துவிடு, என்று ஆர்டிஸ் மனதுக்குள் சொன்னாள். ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொள், ஆனால் தேய்த்துவிடு, மார்லா. ஐம்பது வருடமாக எதை மட்டும் செய்யாதே என்று எல்லோருக்கும் சொன்னாளோ அதைச் செய்யும்படி மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்காமல்.

மார்லா நாணயத்தைத் திருப்பினாள். குந்தாலி பிடித்த கையைச் சுற்றி ஊதா வளையம் இன்னும் முழுதாக இருந்தது. பிரஷ் அவள் பக்கத்திலேயே கிடந்தது.

"இன்னும் எதுக்கு இதைத் தேய்க்கணும்?" என்றாள். "எவ்வளவு நேரம் ஆகும்னுதான் தெரிஞ்சுபோச்சே. இந்தப் பக்கமாவது மிஞ்சட்டும்."

குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

"ஆர்டிஸ், சொல்லட்டுமா?" என்று கேட்டார் ஓரின்.

"சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்களுக்குச் சொல்லுங்க."

ஓரின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, வெள்ளைச் சாஸரைக் கறுத்த சாஸருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நிறமேறின வெள்ளியைத் தேய்ச்சா சோடா இப்படிக் கறுக்கும். சனிக்கிழமை கறுக்கல. விளிம்புல இருக்கற சின்னச் சின்னப் பள்ளத்துக்குள்ள பிரஷ் போகாது. அங்கே பழைய நிறம் ஒட்டிக்கிட்டு இருக்கணும். இருந்தா நேத்தே லென்ஸ்ல தெரிஞ்சிருக்கும். ஆக, தேய்ச்சது ஆர்டிஸோட நாணயத்தை இல்ல. கடையில வாங்கின வேற ஒண்ணை."

"அப்போ திருடியிருக்காங்க," என்றாள் ட்ரூடி. "நல்லதை எடுத்துக்கிட்டு..."

"திருடனா இருந்தா வாங்கின சாதாரண நாணயத்தை அட்டையில சொருகிட்டுப் போயிருப்பான். ஆர்டிஸ் அதைத் திறந்து பாக்க மாசக்கணக்கா ஆகும். இதை மேசைமேல வச்சு, ஏப்ரன் கட்டிவிட்டு, கண்ணுல படற மாதிரி வச்சிருக்காங்க. ஆர்டிஸே தன் புத்தியைச் சந்தேகப்படணும். அதுதான் வேணும்."

"அப்படின்னா வெய்ன்," என்றாள் ட்ரூடி, விடாமல்.

"அதுக்கு எதுக்கு இன்னொரு நாணயம்? நிஜ நாணயத்தையே தேய்ச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். நமக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. வெய்ன் ஒரு நொடி யோசிக்காம தேய்ச்சார். லூப்பே, உத்தரவு கிடைச்சதும் தேய்ச்சாங்க. சனிக்கிழமை இருந்த ஆளுக்கு அது முடியல. அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கை வரல."

வெய்ன் தொப்பியைக் கழற்றினான். "நான் வீடு வேணும்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன்," என்றான், யாரையும் பார்க்காமல். "நான்தான் கெட்டவன்."

மார்லா ஓரினின் நாணயத்தை மெதுவாக மேசைமேல் வைத்தாள். சத்தமே வரவில்லை.

"மில்வாக்கி கண்காட்சியில வாங்கினேன்," என்றாள். "எட்டு வருஷம்மா. ராத்திரி நீ இருமினா எந்திரிச்சு வருவேன். நீ இருமலைன்னாலும் எந்திரிச்சு வருவேன், இருமலையேன்னு. எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சு. நீயா போறேன்னு சொல்லணும்னு நினைச்சேன். நான் அனுப்பினதா இருக்கக் கூடாதுன்னு."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அடுத்த மாசம் பேசலாம்னே."

ஆர்டிஸ் யோசித்தாள். அது நிஜம்தான். இரண்டு முறையும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"தூங்கறப்போ எனக்கு ஏப்ரனைக் கட்டிவிட்டியா?"

"ஆமா."

"ஈரமாவும் ஆக்கினே."

"வெந்நீர்ல நனைச்சேன்," என்றாள் மார்லா. "குளிருமேன்னு."

ட்ரூடி எழுந்து ஜன்னலருகே போனாள். இவ்வளவு நேரம் அவள் முகத்தில் இருந்த ஆர்வம் வடிந்துவிட்டிருந்தது. ஓரின் இரண்டு சாஸர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், அதைவிட வேறு வேலை இல்லாதவரைப்போல.

"அப்பாவோட நாணயம் எங்கே?"

"என்கிட்டதான். அட்டையோட இருக்கு. ஈரம் படாத இடம். ஒண்ணும் ஆகல. நல்லா வச்சிருக்கேன்மா."

அதைச் சொல்லும்போது மார்லாவின் குரலில் ஒரு பெருமை வந்துபோனதை ஆர்டிஸ் கவனித்தாள். பதினொரு வயதில் பரிசுக் கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கியபோது இருந்த அதே குரல். ஒருவேளை அந்த வயதிலேயே நாணயத்தைப் பற்றிச் சொன்ன அளவுக்கு மனிதர்களைப் பற்றியும் தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ, என்று தோன்றியது. சொன்ன மாதிரி நினைவில்லை. இது மறதி இல்லை. சொல்லவே இல்லை.

"அதை நீயே வச்சுக்கோ," என்றாள்.

"அம்மா..."

"கோபத்துல சொல்லல. அதை நீ நல்லாப் பாத்துப்பே. வீட்டுச் சாவியை மட்டும் வச்சிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை வந்து சாமானை எடுத்துக்கோ, நான் சர்ச்சுக்குப் போயிருக்கற நேரத்துல."

மார்லா கொக்கியில் தொங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டாள். கோட்டின் பொத்தானை எல்லாம் போட்டு முடிக்கும்வரை யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தது போலிருந்தது. பிறகு சாவியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பனியில் ஒருமுறை சறுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது.

வெய்ன் கையெழுத்தில்லாத ஃபாரத்தை மடித்து உள்பையில் வைத்தான். கிழிக்கவில்லை.

"வேணும்னா உங்க ஞாபகசக்தி சரியா இருக்குன்னு நான் எழுதித் தர்றேன்," என்றார் ஓரின் எழுந்தபடி.

"யாருக்குக் காட்ட?" என்றாள் ஆர்டிஸ்.

லூப்பே அடுப்பில் வெந்த காசரோல் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அலமாரியைத் திறந்துகொண்டு திரும்பினாள்.

"மிஸ் ஆர்டிஸ், ராத்திரிக்கு எத்தனை தட்டு எடுத்து வைக்கட்டும்?"

ஆர்டிஸ் மார்லாவின் காலி நாற்காலியையே பார்த்தபடி இருந்தாள். நிமிர்ந்தபோது வெய்ன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு," என்றாள் அவசரமாக.