ஸ்கேனரைப் பிடித்திருப்பவர்

திரையில் வழக்கமாக ஒரு பெயர் இருக்கும். அன்று சாயங்காலம் அந்த இடம் காலியாக இருந்தது.

'ஸ்கேனர் பயன்பாட்டில் உள்ளது. பிடித்திருப்பவர்:' என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

வரைபடக்காரருக்கு எரிச்சல் வந்தது. வீட்டுப் பிளான் வரைவதுதான் அவர் தொழில். தெருவில் 'இன்ஜினியர் சார்' என்று கூப்பிடுவார்கள். அதைத் திருத்துவதற்கு அவருக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், அவருக்கொன்றும் மனைவிக்கொன்றுமாக இரண்டு கணினிகள். இவ்வளவு சிறிய குடும்பத்துக்கு அவர் ஒரு அரசாங்கத்தையே நிறுவியிருந்தார். மைத்துனன் கடையிலிருந்து கோப்புகளைச் சேமிக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, மாடியில் துணி காயப்போடும் அறையில் வைத்து, பிரிண்டரையும் ஸ்கேனரையும் அதன் முதுகில் செருகினார். இனி கீழே உட்கார்ந்தபடியே இரண்டையும் இயக்கலாம். அறைக் கதவில் 'தரவு மையம். அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று பலகை மாட்டினார். ஈரத் துணிகள் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டன.

அந்தப் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஸ்கேனரைப் பிடித்துக்கொள்ள முடியும். அவர் விட்டால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். "விட்டாச்சா?" "விட்டாச்சு" என்ற இரண்டு குரல்கள் அந்த வீட்டில் குழாய்ச் சத்தம் போல நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"நீ பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

கூடத்தின் மறுமூலையில் மனைவி செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தாள். பள்ளிகளுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவள் அவள். அவளுடைய கணினி மத்தியானமே உறை மாட்டித் தூங்கப் போய்விட்டது.

"இருபது வருஷமா உங்களைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அது போதாதா?"

"பேரே வரல. காலியா காட்டுது."

"அப்ப காலியாத்தான் இருக்கும், எடுத்துக்கோங்க."

"காலியா இருந்தா எடுக்க விடணுமில்ல. ஏதோ சிக்கிப்போய் நின்னுடுச்சு. மேலே போய் ஒரு தடவை அணைச்சுப் போட்டுட்டு வா."

"அனுமதியில்லாம வரக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"அனுமதி குடுத்தாச்சு, போ."

"எழுத்துல வேணும்," என்றாள் அவள். ஆனாலும் எழுந்தாள். தரவு மையத்தின் இயக்குநர் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் படியேறுவதில்லை, அவருக்கு முழங்கால் வலி என்பது அவளுக்குத் தெரியும்.

மழை வரப் போகிற சாயங்காலம் அது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் பழைய கண்ணாடித் தம்ளர் மாதிரி மங்கிக்கொண்டே வந்தது. கூடத்தில் விளக்கைப் போடுவதற்குப் போதிய இருட்டும் இல்லை, போடாமல் இருப்பதற்குப் போதிய வெளிச்சமும் இல்லை. மனைவியின் செருப்பு ஒவ்வொரு படியிலும் தட், தட் என்று ஒட்டிப் பிரிந்து மேலே போவதையும், ஈரத்தில் உப்பிய கதவு தரையை உராய்ந்து திறப்பதையும், பிறகு அதே கதவு, யாரோ நிதானமாகத் தள்ளியதைப் போல, அவ்வளவு நேரமும் எடுத்துக்கொண்டு சாத்திக்கொள்வதையும் அவர் காது தன்போக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஸ்கேனரின் மோட்டார். ஙீ... என்று இழுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், டக்கென்று நின்று, மறுபடி தொடங்கியது.

'சரியாகிவிட்டது' என்று நினைத்தார். அதுவும் தன்னுடைய அமைப்பின் சிறப்புதான் என்று கூடவே நினைத்துக்கொண்டார்.

திரையில், பொதுக் கோப்புறையில், புதிய கோப்பு ஒன்று வந்து விழுந்தது. பெயர் 1-1.

அது அவர் வழக்கம். பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரம் வாங்க மனம் வராமல், பிளான் எவ்வளவு பெரியதானாலும் சின்னத் தாள் அளவுக்குத் துண்டு போடுவார். முதல் எண் வரிசை, இரண்டாம் எண் இடம். பிரிண்டர் துப்பத் துப்ப மாடித் தரையில் பரப்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு மண்டியிட்டு, செல்லோ டேப்பால் ஒட்டி முழுசாக்குவார். 'ஒருங்கிணைப்பு' என்பது அவர் வைத்த பெயர். மனைவி அதைப் பாய் முடைவது என்பாள். இருபது வருடத்தில் அவர் துண்டுத் தாளைக் கண்டு ஒட்டாமல் விட்டதில்லை.

1-1 என்ற கோப்பைத் திறந்தார். கறுப்பு. கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடுகள், நெருக்கமாக, ஒரே பக்கம் படிந்து. பெரிதாக்கிப் பார்த்தார். தலைமயிர். வகிடு.

"என்ன விளையாட்டு இது?" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இதோ வரேன்," என்றாள் மனைவி.

அவள் குரல்தான். ஆனால் தலையணையில் வாயை வைத்துப் பேசுவதுபோல, தட்டையாக வந்தது.

2-1 வந்தது. ஒரு காது, தோடு, கன்னத்தின் ஓரம். கண்ணாடியில் அழுந்தி ரத்தம் விலகிய வெளுப்பு. 2-2 வந்தது. ஒரு கண். திறந்திருந்தது. அத்தனை வெளிச்சத்துக்கும் கண்பாவை சுருங்காமல், அகலமாக.

வரைபடக்காரர் மைத்துனனுக்குப் போன் போட்டார். கடையில் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க மாமா. தரவு மையம் எப்படி இருக்கு?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோ மாப்ளே. ஸ்கேனரை யாரோ பிடிச்சிருக்காங்க, பேர் வரல."

"பேர் வராம இருக்காதே. எந்தக் கம்ப்யூட்டர் பிடிச்சாலும் பேரோடதான் வரும்."

"வரலைங்கறேன்."

மைத்துனன் கொஞ்சம் யோசித்தான். "வெளியிலேருந்து யாரும் பிடிக்கலைன்னு அர்த்தம் மாமா. பெட்டிக்குள்ளேயிருந்தே பிடிச்சாத்தான் பேர் இருக்காது."

"பெட்டிக்குள்ள யாரு இருக்கா?"

"என்னைக் கேட்டா? இயக்குநர் நீங்க." சிரித்தான். "'விடச் சொல்லு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்குங்க. பிடிச்சிருக்கறவங்களுக்குச் செய்தி போகும், அவங்களா விட்டாத்தான் உண்டு. அக்கா எங்கே?"

"மேலே."

"ஒருதடவை அக்காகிட்ட குடுங்க."

அவர் கண் திரைக்குப் போனது. 3-2 வந்திருந்தது. கழுத்து. அதில் அவள் அன்றாடம் போடும் கறுப்பு மணிமாலை. ஒவ்வொரு மணியும் கண்ணாடியில் தனித்தனியே நசுங்கி நின்றது.

போனை வைத்துவிட்டு அந்தப் பட்டனை அமுக்கினார். சுட்டி சுழன்றது. கொஞ்சம் அதிகமாகவே சுழன்றது, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் செய்தியை நிதானமாகப் படிப்பதைப் போல.

'மறுக்கப்பட்டது.'

மறுபடி அமுக்கினார். இம்முறை காத்திருக்கவே வைக்கவில்லை.

முழங்காலை மறந்து படியேறினார். பாதி வழியிலேயே வாசனை வந்தது: சூடான தாளின் வாசனை, கருகும் தூசி, அவற்றுக்கடியில் மனைவியின் முகப் பவுடர். பவுடருக்குச் சூடு பட்டால் இப்படி ஒரு தித்திப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் துப்பிக்கொண்டிருந்தது. கதவைத் தோளால் தள்ளினார். பலகை கழன்று காலடியில் விழுந்தது. மிதித்துக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி இல்லை.

ஒளிந்துகொள்ள இடமுள்ள அறை அல்ல அது. ஒரு மேசை, ஒரு பெட்டி, இரண்டு இயந்திரங்கள், கம்பி போட்ட ஜன்னல். மேசைக்கு முன்னால் அவள் செருப்புகள், இரண்டும் நேராக. ஸ்கேனரின் மூடி திறந்திருந்தது. வெறும் கண்ணாடி. அதற்கடியில் வெள்ளை ஒளி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கண்ணாடியின் மேல் மூச்சுப் பட்ட ஆவி. அது வட்டமாக வளர்ந்தது. சுருங்கியது. வளர்ந்தது.

ஒயரைப் பிடுங்கினார். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. ஸ்கேனரின் ஒளி நிற்கவில்லை. ஸ்கேனரின் ஒயரையும் பிரிண்டரின் ஒயரையும் பிடுங்கினார். அடுத்த தாள் வந்தது.

தரையெங்கும் தாள்கள். எடுத்துப் பார்த்தார். முழங்கை. புடவை மடிப்பு. குதிகால். அசல் அளவு, கொஞ்சமும் குறையாமல். ஒவ்வொன்றும் வெதுவெதுப்பாக இருந்தது. அச்சடித்த சூடு இவ்வளவு நேரம் நிற்காது. ஒரு தாளில், மணிக்கட்டுக்கு உட்புறம், நீல நரம்பொன்று துடித்தது.

அவள் இங்கேதான் இருக்கிறாள். துண்டு துண்டாக. சேர்த்துவிட்டால் முழுசாகிவிடுவாள். இதைவிடத் தெளிவான எண்ணம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. மண்டியிட்டார். டேப் மேசைக்கடியிலேயே இருந்தது. மூலை எண்களைப் பார்த்தார். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. காதோடு கன்னம். கழுத்தோடு தோள்.

"வந்துட்டேம்மா," என்றார். "கொஞ்சம் பொறுத்துக்கோ. இதோ."

ஒட்ட ஒட்டத் தாள் கனத்தது. மார்பு வரிசை முடிந்ததும் அது மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. அவர் அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார். வேகமாக ஒட்டினார். இடுப்பு. முழங்கால். பாதம். கண்கள் அவர் கைகளையே பின்தொடர்ந்தன. வேலையை இவ்வளவு கவனமாக அவள் பார்த்ததே இல்லை.

இரண்டு இடங்கள் மட்டும் பாக்கி. வாய். வலது கை.

பிரிண்டர் இரண்டையும் தந்தது.

வாயை ஒட்டினார். திறந்திருந்தது. ஒரு சொல்லின் நடுவில் நின்றிருந்தது. கையை ஒட்டினார். ஓரத்தை நகத்தால் தேய்த்து அழுத்தினார். பிறகு எழுந்து நின்று, வழக்கம்போல, முழுசாகப் பார்த்தார்.

அந்தக் கை முகத்துக்கு முன்னால் நீட்டியிருந்தது. உள்ளங்கை அவரைப் பார்த்து. ஐந்து விரலும் விரிந்து. வேண்டாம் என்று.

தாள் உயர்ந்தது. தாழ்ந்தது.

மறுபடி உயரவில்லை.

உட்கார்ந்து தொட்டார். சில்லென்று இருந்தது. வெறும் தாள். டேப்பை உரிக்கப் பார்த்தார். ஒட்டிய இடமே இல்லை; நகம் வழுக்கியது. எங்கும் ஓரமில்லை. ஒரே தாள்.

"விடு," என்றார் ஸ்கேனரிடம். "விட்டுடு."

முதுகுக்குப் பின்னால் மோட்டார் நின்றது. ஒரு நொடி, மழையின் முதல் துளிகள் ஜன்னல் கம்பியில் பட்ட சத்தம் கேட்டது.

பிறகு ஙீ... என்று தொடங்கியது.

தாள் வந்தது. மூலையில் 1-1. வழுக்கை. மூன்று பக்கமும் வாரிவிட்ட நரை.

கையைத் தலைக்குக் கொண்டுபோனார். உச்சந்தலை இருக்க வேண்டிய இடத்தில் விரல்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

இரண்டாம் தாள் வெளியே எட்டிப் பார்த்தது. தரையில் கிடந்த மனைவியின் கண்கள், அவரை விட்டு, அதன் பக்கம் திரும்பின.