பட்டாணி போட்ட பூட்டு

‘சேமிக்க முடியவில்லை. அனுமதி இல்லை.’

திரையில் ஆறாவது முறையாக அதே வரி. அம்மா மவுஸை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

“என் கம்ப்யூட்டர், என் வேலை. எனக்கே அனுமதி இல்லையாம்! நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

கதவோரம் நின்று பட்டாணி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது. முகம் நல்ல உருண்டை. அதனால் வந்த பெயர்.

அம்மாவுக்கு போட்டோ ஆல்பம் தயாரிக்கும் வேலை. இன்றைய ஆல்பம் அடுத்த தெரு நர்ஸ் அக்காவுடையது. இன்று இரவு அவள் விமானம் ஏறுகிறாள். வெளிநாட்டில் மூன்று வருட வேலை. கூடவே கொண்டுபோக, தன் குட்டி மகளின் படங்களை நாற்பது பக்கத்தில் கேட்டிருந்தாள். அச்சகத்தில் ஐந்து மணிக்கு மெஷினை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது மணி நாலு பத்து.

“காலையிலேர்ந்து ஒரு தடவைகூட சேமிக்கலியே நான்! வேற இடத்துல போட்டாலும் இதையேதான் சொல்லுது. வைரஸா இருக்குமோ?” என்றாள் அம்மா.

வைரஸ் இல்லை. பட்டாணிதான்.

தம்பி எங்கிருந்தோ ஓசியில் ஒரு கார் விளையாட்டை இறக்கி வைத்திருந்தான். அது அம்மாவின் படங்களை ஏதாவது செய்துவிடுமோ என்று பட்டாணிக்குப் பயம். பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் சொல்லித் தந்தபடி, நேற்று மாலை எல்லாக் கோப்புறைகளுக்கும் பூட்டுப் போட்டாள். பட்டியலில் இருக்கும் செயலிகள் மட்டுமே உள்ளே கை வைக்கலாம். தனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் பட்டியலில் சேர்த்தாள். அம்மாவின் ஆல்பம் செயலிக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

கேட்டிருக்கலாம். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் செய்து அசத்த நினைத்தாள்.

“அக்கா, நீ நேத்து ஏதோ…” என்று தம்பி ஆரம்பித்தான். எந்த ரகசியத்தையும் ஊருக்கே அறிவித்துவிடுவதால் அவனுக்கு டமாரம் என்று பெயர். பட்டாணி அவன் வாயைப் பொத்தினாள்.

அம்மா கம்ப்யூட்டர் கடை மாமாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஒண்ணும் பயப்படாதீங்க. ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க, சரியாயிடும்,” என்றார் மாமா.

அம்மாவின் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

அணைத்தால் நாற்பது பக்கமும் போய்விடும்! சொன்னால் அடி விழுமா, திட்டு விழுமா? பட்டாணி பாய்ந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அணைக்காதம்மா! கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. பூட்டுப் போட்டது நான்தான்!”

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா விரலை இழுத்துக்கொண்டாள்.

“அட, அவ்வளவுதானா?” என்றார் மாமா. “பூட்டையே எடுத்துடு பாப்பா. வேலை முடியட்டும்.”

பட்டாணி பூட்டின் பக்கத்தைத் திறந்தாள். யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்று அதில் வரிசையாக இருந்தது. முதலில் கறுப்புப் பெட்டிச் சின்னம் போட்ட ஒரு செயலி, ஆறு முறை. அதன் கீழே கார் விளையாட்டு.

நாற்பத்து மூன்று முறை!

“மாமா, கார் ஓட்டற விளையாட்டுக்கு எங்கம்மா போட்டோல என்ன வேலை?”

போனில் மாமாவின் குரல் சட்டென்று மாறியது.

“பாப்பா… பூட்டு மேல கையை வைக்காதே!”

“எடுக்கல மாமா. அம்மா, உன் செயலி இந்தக் கறுப்புப் பெட்டிதானே?”

“அதேதாண்டி. சீக்கிரம்!”

அதை மட்டும் பட்டியலில் சேர்த்தாள். அம்மா ‘சேமி’யை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டமாரம்கூட வாய் திறக்கவில்லை.

‘சேமிக்கப்பட்டது.’

அம்மா உடனே அச்சகத்துக்கு அனுப்பினாள். நாலு நாற்பதுக்கு அங்கிருந்து பதில் வந்தது: “கிடைச்சுது. மெஷின்ல ஏத்திட்டோம்.”

அப்புறம்தான் அம்மா நாற்காலியைத் திருப்பினாள். பட்டாணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தில் விழுந்தது முத்தம்.

“பூட்டு நல்ல பூட்டுதான். அடுத்த தடவை போடறப்ப, அம்மா வெளியில மாட்டிக்கிட்டாளான்னு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போடு.”

“அப்ப என் காரு?” என்றான் டமாரம்.

“நாப்பத்து மூணு தடவை கதவை இடிச்சிருக்குடா உன் காரு!” என்றாள் பட்டாணி. “லைசன்ஸ் ரத்து!”

அழித்துவிடு என்ற பொத்தானை அவனே அழுத்தினான்.