புது எஞ்சினும் பக்கத்து வீட்டுக் குதிரையும்

எஞ்சின் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் அது முதல் தடவையாக ஓடத் தொடங்கியதும் போட்ட சத்தத்தில், கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.

“ஓடுது!” என்று பெகிமாய் கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் அவள் அப்பா ஒரு கனத்த கட்டையை நட்டு, அதன் மேல் எஞ்சினைத் திருகாணி போட்டு இறுக்கிக் கொடுத்திருந்தார். கண்ணாடி போடாமல் கிட்டப் போகக் கூடாது, விசிறிக்கு நேராக நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். விசிறி சுழன்ற வேகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஆஸ்பத்திரியில் அடிக்குமே அந்த ஈதர் நெடி, எல்லாம் கலந்து புகை வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ‘டமார்’ என்று ஒரு சத்தம். கூடவே, “ஐயோ, என் பாலு!” என்று ஓர் அலறல்.

பெகிமாய் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கினாள். எஞ்சின் நின்றது.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜிபார் அத்தை வந்தார். கையில் காலி வாளி. பாவாடை முழுக்கப் பால்.

“என்னடி இது? குளவியா, பேயா?”

“விமான எஞ்சின் அத்தை. எங்க சின்ன விமானத்துக்கு. ஞாயித்துக்கிழமை கராகோல் டவுன்ல போட்டி இருக்கு...”

“போட்டியாம் போட்டி! தோரு மிரண்டு வாளியை உதைச்சுத் தள்ளிட்டா. சாயங்காலம் கிமிஸ் வாங்க வர்றவங்களுக்கு நான் எதை ஊத்தறது? உன் புகையையா?”

தோரு ஜிபார் அத்தையின் செம்பழுப்புக் குதிரை. அதன் பாலைப் புளிக்க வைத்துத்தான் அவர் சாலையோரத்தில் கிமிஸ் விற்றார்.

“மன்னிச்சிருங்க அத்தை.”

“மன்னிச்சாச்சு. இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டா உங்கப்பாகிட்டதான் பேசுவேன்.”

கதவு மறுபடியும் ‘டமார்’ என்று சாத்தப்பட்டது.

சற்று நேரத்தில் எர்மெக் சைக்கிளில் வந்தான். பெகிமாயும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே அணி. போட்டியில் அவன் நடுவில் நின்று, கம்பி பிடித்து விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கவிடுவான். எரிபொருள் தீர்ந்து விமானம் இறங்கியதும் பெகிமாய் அதைப் பிடித்து, நிரப்பி, மறுபடி கிளப்பி விடுவாள். பள்ளியில் அவர்கள் விமானம் செய்கிற கூடத்தின் கூரையைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால்தான் எஞ்சின் வீட்டுக்கு வந்திருந்தது.

நடந்ததைக் கேட்டதும் எர்மெக் சிரித்தான். “இதுக்குப் போயி முகத்தைத் தூக்கி வச்சிருக்கியா? அந்த அத்தை கடைக்குப் போனதும் ஃபுல் வேகத்துல ஓட விட்டுருவோம். ஒரே மூச்சுல பழகிரும்.”

“பழகாது. இறுகிப் போயிரும். மார்ச் மாசம் பழைய எஞ்சினுக்கு என்ன ஆச்சு?”

எர்மெக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த எஞ்சினை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டியது அவன்தான். துருப்பிடித்த பூட்டு மாதிரி அது இறுகிப்போனது. இப்போது அணியிடம் இருப்பது இந்த ஒரே எஞ்சின்.

“புதுசா இருக்கறப்ப உள்ள பிஸ்டனும் சிலிண்டரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்காது,” என்றாள் பெகிமாய். “எரிபொருளைத் தாராளமா விட்டு, கொஞ்ச நேரம் ஓட்டணும். நல்லா ஆற விடணும். அப்புறம் மறுபடி கொஞ்சம்.”

“புதுச் செருப்பு மாதிரியா?”

“ஆமா. புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு முதல் நாளே மலை ஏறுவியா?”

எர்மெக் ஏறக்கூடிய ஆள்தான். அதனால் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

எஞ்சினுக்குப் பின்னால் அவள் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருந்தாள். அதில் தெறித்திருந்த எண்ணெய் மை போலக் கறுத்திருந்தது. “உள்ள தேயற இரும்பெல்லாம் இதுலதான் வருது. இது தெளிஞ்சாத்தான் எஞ்சின் தயார்.”

“அப்ப ஆத்தங்கரைக்குக் கொண்டு போவோம்.”

“அங்க காத்துல மணல் பறக்குது. உள்ள போனா அவ்வளவுதான்.”

எர்மெக் ஒரு கல்லை எட்டி உதைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். பெகிமாய் எஞ்சினைத் துணியால் மூடினாள்.

மறுநாள் காலை அவள் ஜிபார் அத்தை வீட்டு வேலிப் பக்கம் போய் நின்றாள். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தையும் பேசுகிற நிலையில் இல்லை. அவர் மகன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தான். அவர் தனியாளாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

முதலில் குட்டி வந்து கொஞ்சம் குடிக்க வேண்டும். அப்போதுதான் தோரு பாலை இறக்கும். உடனே குட்டியை இழுத்து, தாயின் கண்ணில் படும்படி பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, மளமளவென்று கறக்க வேண்டும். அத்தைக்கு இருப்பதோ இரண்டு கை. குட்டி ஒரு பக்கம் இழுத்தது. வாளி ஒரு பக்கம் சாய்ந்தது.

பெகிமாய் வேலியைத் தாண்டிக் குதித்துக் குட்டியின் கயிற்றைப் பிடித்தாள்.

“இழுக்காதே. கழுத்தைத் தடவிக் குடு,” என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

குட்டி அவள் சட்டை நுனியைச் சப்பியது. வாளியில் பால் நுரைத்தது.

“இனி எப்ப அத்தை கறப்பீங்க?”

“மடி நிறையணுமில்ல? ரெண்டு மணி நேரமாவது மேயட்டும். பகல் பூரா இதே பொழப்புதான். கறக்கறது, மேய விடறது, மறுபடி கறக்கறது.”

பெகிமாய் குட்டியின் கழுத்தைத் தடவுவதை நிறுத்தினாள்.

“அத்தை, எஞ்சினும் அப்படித்தான்! கொஞ்சம் ஓடணும், அப்புறம் ஆறணும். தோரு மேயற நேரத்துல நான் ஓட்டறேன். நீங்க கறக்கற நேரத்துல அது ஆறட்டும். நான் இங்க வந்து குட்டியைப் பிடிச்சுக்கறேன்.”

அத்தை வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “மேயறப்ப மிரண்டா?”

“உடனே நிறுத்திடறேன். நீங்க தோரு பக்கத்துலயே நின்னு பாருங்க.”

அத்தை குதிரையைக் காய்கறித் தோட்டத்துக்கு அப்பால், சுவரிலிருந்து தள்ளிக் கட்டினார். பெகிமாய் ஊசித் திருகை நன்றாகத் திறந்து வைத்தாள். எவ்வளவு திறந்தால் அவ்வளவு எரிபொருள் உள்ளே போகும். எஞ்சின் வேகமெடுக்காமல், எண்ணெய் துப்பிக்கொண்டு, ‘பொட பொட பொட’ என்று ஓடியது. தோரு தலையைத் தூக்கியது. காதுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. பிறகு குனிந்து புல்லைக் கடித்தது.

“சரி, ஓட்டிக்கோ,” என்றார் அத்தை. “ஆனா இன்னொரு தடவை என் பால் கொட்டுச்சுன்னா, எஞ்சினை ஊறுகாய் ஜாடியில போட்டு மூடிருவேன்.”

அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. தோரு மேய்ந்தால் எஞ்சின் ஓடியது. தோருவைக் கறந்தால் எஞ்சின் ஆறியது. தாளில் விழுந்த எண்ணெய் கறுப்பிலிருந்து சாம்பல் நிறமானது. சாம்பல் நிறமும் மெல்ல வெளுத்தது.

வெள்ளிக்கிழமை பெகிமாய் குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் கிளம்பியது.

‘பொட பொட பொட...’

“யாருடி அது?” என்றார் அத்தை.

யார் என்று பெகிமாய்க்குத் தெரியும். சத்தம் வேகமாகிக்கொண்டே போனது. தோரு சட்டென்று இரண்டு காதையும் பின்னால் மடித்தது. அடுத்த நொடி ‘பொட பொட’ போய், ‘கீ...ன்’ என்று மெல்லிய ஊளை கேட்டது.

அத்தை வாளியோடு பின்னால் தாவினார். தோருவின் கால் வாளிக்குப் பதிலாக அவர் உட்கார்ந்திருந்த முக்காலியில் பட்டது. முக்காலி வேலிக்கு மேலே பறந்து போனது.

“எர்மெக்!” பெகிமாய் குட்டியை விடாமல் தொண்டை கிழியக் கத்தினாள். “ஊசியைத் திற! ஊசியைத் திறடா!”

ஊளை தணிந்தது. ‘பொட பொட’ என்று இருமிவிட்டு எஞ்சின் நின்றது.

அவள் ஓடிப் போனபோது எர்மெக் கட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது.

“செத்துப் போச்சா?” என்று கேட்டான். “கொஞ்சம் வேகம் வருதான்னு பாக்கலாம்னுதான்... இதையும் கெடுத்துட்டேனா?”

பெகிமாய்க்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவன் கண் எஞ்சினைவிட்டு நகரவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் தொட முடியாத சூட்டில் இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

சூடு ஆறியதும் அவள் விசிறியை விரலால் மெல்லச் சுற்றினாள். அது எங்கும் உரசாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“நீயே சுத்திப் பாரு.”

எர்மெக் பயந்து பயந்து சுற்றினான். மறுபடி சுற்றினான். “நல்லாத்தான் இருக்கு!”

“நல்ல வேளை, உடனே திறந்துட்ட.”

“அங்கேருந்து உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“முதல்ல தோருவுக்குத்தான் தெரிஞ்சுது. காதை மடிச்சா. எரிபொருள் குறைஞ்சா சத்தம் மெலிஞ்சிரும், சூடு ஏறிரும். போ, முதல்ல அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா.”

எர்மெக் போனான். அத்தை திட்டியது சுவர் தாண்டிக் கேட்டது. பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது. முக்காலிக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. அதை ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் திரும்பி வந்தான்.

“சரி, நான் வீட்டுக்குப் போறேன்,” என்றான். “இனிமே எஞ்சின் பக்கமே வரமாட்டேன்.”

“எங்க போற? ஊசியைப் பிடி.”

“நானா? இவ்வளவுக்கு அப்புறமுமா?”

“பறக்க விடறது நீதானே? சத்தம் உன் காதுக்குத் தெரிய வேண்டாமா? கண்ணை மூடிக்கோ. கேளு.”

சனிக்கிழமை சாயங்காலம் தாளில் விழுந்த எண்ணெய் தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. குதிரையும் குட்டியும் ஏரிப்பக்கம் போயிருந்தன. அன்றுதான் முதல் தடவையாக முழு வேகம். பெகிமாய் எஞ்சின் தலையில் இருந்த அழுத்தத் திருகைச் சற்று இறுக்கினாள். எர்மெக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியை மயிரிழை மயிரிழையாக மூடினான். ‘பொட பொட’ எல்லாம் ஒன்றாக இழைந்து ஒரே சீரான ரீங்காரமானது.

“இன்னும் கொஞ்சம் மூடலாமா?” என்று பெகிமாய் அவன் காதருகே கத்தினாள்.

எர்மெக் தலையை ஆட்டினான். “வேண்டாம்! இதுக்கு மேல போனா மெலிஞ்சிரும்.”

அவளும் அதையேதான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கராகோல் விளையாட்டுத் திடலில் கடைசிச் சுற்றுக்கு மூன்று அணிகள் வந்தன. மூன்று பையன்கள் நடுவில் நெருக்கியடித்துச் சுற்ற, மூன்று விமானங்கள் அவர்களைச் சுற்றிப் பறந்தன. எரிபொருள் தீர்ந்து விமானம் இறங்கியதும் பெகிமாய் பாய்ந்து பிடித்தாள். நிரப்பினாள். விசிறியை ஒரு தட்டுத் தட்டினாள். ‘ர்ர்ர்’ என்று கிளம்பிவிட்டது. பக்கத்து அணியின் பையன் ஒருவன் சூடான எஞ்சினைத் தட்டித் தட்டி விரல் சிவந்து நின்றான். மூன்றாவது அணியின் விமானம் மட்டும் இவர்களைவிடச் சற்று வேகமாகப் பறந்தது.

எல்லாம் முடிந்ததும் எர்மெக் சுற்றிய சுற்றில் தலை கிறுகிறுத்து, நடுவிலிருந்து தள்ளாடித் தள்ளாடி வந்தான். பெகிமாய்க்குக் கை கொடுப்பதாக நினைத்து நடுவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“ஜெயிச்சோமா?”

“ரெண்டாவது!” பெகிமாய் அவனைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“எஞ்சின்?”

அவள் விசிறியைச் சுற்றிக் காட்டினாள். “அருமையா இருக்கு.”

“அப்ப செப்டம்பர் போட்டிக்கு இப்பவே பேர் குடுத்துட்டு வரேன்,” என்று எர்மெக் விறுவிறுவென்று நடந்தான். நடந்து, தண்ணீர்ப் பீப்பாயில் போய் முட்டிக்கொண்டான்.

“நீ புல்லுல உக்காரு. நான் போறேன்,” என்றாள் பெகிமாய்.

பெயர் கொடுக்கிற மேசைக்கு அவள்தான் முதல் ஆளாகப் போய் நின்றாள்.