ஜெயிச்சுக் காட்டு, நல்லையா!

சில்வெஸ்டரின் இரண்டு கால்களுக்கும் சேர்த்து நல்லையா முதலாளி போட்ட விலை... ஒரு மூட்டை மிளகு!

அதை உக்குவளை ரோட்டிலேயே அவிழ்த்துக் கொட்டினான் சில்வெஸ்டர்.

ஐந்து வருஷம் கழிந்தது. இன்று, 2008. மாத்தளையில் அகில இலங்கை சக்கர நாற்காலி டென்னிஸ்... ஆண்கள் ஒற்றையர் ஃபைனல்!

போன் அலறியது.

"தம்பி, நல்லையா பேசுறேன். கப்பு எனக்குத்தான். ஏன் சும்மா வேர்த்து வடியணும்? விலகிக்குங்களேன்."

"கோர்ட்ல பார்ப்போம், முதலாளி."

"அங்கதான் ஒருதரம் பார்த்தாச்சே!"

பார்த்ததுதான், நீதிமன்றத்தில். பலாபத்வல வளைவில் தன்னை அடித்துப்போட்ட லொறியை ஓட்டியது நல்லையா என்று சில்வெஸ்டர் சாட்சி சொன்னான். நல்லையாவோ சக்கர நாற்காலியில் வந்தார்.

"விபத்துக்கு ஒரு மாசம் முந்தியே கராம்பு மரத்திலேருந்து விழுந்து கால் செத்துப்போச்சுங்க ஐயா. நான் எப்படி லொறி ஓட்டுவேன்?"

டாக்டர் சர்டிபிகேட் வேறு! வழக்கு தள்ளுபடி. அன்று உட்கார்ந்தவர், ஊர் பார்க்க எழவேயில்லை.

மனைவி டொறீன் சில்வெஸ்டரின் கால்களைப் பெல்ட்டால் இறுக்கினாள்.

"நொறுக்கித் தள்ளுங்க அந்த ஆளை!"

நொறுக்கினான். முதல் செட் 6–1!

அப்புறம்தான் கூத்து... பந்து இரண்டு தரம் தரையில் பட்ட பிறகும் அடிக்கலாம் என்ற ஆட்டத்தில், கைக்கே வந்த பந்தைக்கூட வலையில் அடித்தான். 5–7! மூன்றாவது செட் 6–6!

டொறீன் பாய்ந்து வந்தாள்.

"என்னங்க இது? காசு வாங்கிட்டீங்களா?"

"சத்தம் போடாத. அவர் எப்படி இருக்காரு, பாரு."

"சந்தோஷத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கான்!"

"இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும்."

டை-பிரேக். கடைசிப் புள்ளி. சில்வெஸ்டரின் பந்து கோட்டுக்கு வெளியே... ஓர் அங்குலம்!

"ஜெயிச்சுட்டேன்டா!"

பரக்!

பெல்ட் பிய்ந்தது. நல்லையா துள்ளிக் குதித்து, வலைவரை ஓடி...

உறைந்து நின்றார். நின்றார்!



"தாயே முத்துமாரி! அற்புதம்!" என்று கும்பிட்டார்.

முன்வரிசையில் சில்வெஸ்டர் அழைத்து உட்கார வைத்திருந்த இன்ஸ்பெக்டர் ஸக்கரியா எழுந்து வந்தார். குனிந்து, முதலாளியின் காற்சட்டை ஓரத்தைத் தூக்கினார்.

"அஞ்சு வருஷம் நடக்காத கால் குச்சியாகியிருக்கும், முதலாளி. இது தூண் மாதிரி இருக்கே! வாங்க ஸ்டேஷனுக்கு."

டொறீன் கணவனின் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள்.

"வேணும்னேவா தோத்தீங்க?"

"செமி ஃபைனல்ல ஜெயிச்சப்ப அவர் குதிகால் துடிச்சுச்சு. ஃபைனல்ல மொத்தமா எழும்பும்னு தோணுச்சு."

"ஐயோ, கப்பு போச்சே!"

"போகட்டும். ரெண்டு செட் அவருக்கு. கப்பு அவருக்கு. விலங்கும் அவருக்கே... நமக்கு எதுக்கு பேராசை?"