நானூறு வீட்டுக்கு ஒரே நம்பர்

போன் அலறியது!

ஐந்தாவது மணியில்தான் அபியோ கை நீட்டினாள். எட்டு நாளாகப் போன் என்றாலே அவளுக்குப் பயம். தங்கை அடோங்கோ செத்துக் கிடக்கிறாள் என்ற செய்தியும் இதே போனில்தான் வந்தது.

"இன்ஸ்பெக்டர் முட்டிசோ பேசறேன். மேடம்... சாட்சி கிடைச்சாச்சு!"

"யாரு சார்?"

"அதைத்தான் நீங்க சொல்லணும். உங்க தங்கச்சி வேலை பார்த்த கிளினிக்கோட வெப்சைட்ல நேத்து ராத்திரி யாரோ எழுதியிருக்கான். 'வாத்தியார் ஒம்பேவா நர்ஸைப் பிடிச்சுப் படகுத்துறைப் பாறையில தள்ளினதை நான் பார்த்தேன்'னு. பேர் போடலை."

"விளையாட்டுக்கு எழுதியிருப்பான் சார்."

"அவங்க மஞ்சள் தலைத்துணி படகுக் கயித்துல சிக்கியிருந்ததையும் எழுதியிருக்கான்! அது எனக்கும் என் கான்ஸ்டபிளுக்கும் மட்டும்தான் தெரியும். நிஜமாவே அங்க இருந்தவன் மேடம். ரெண்டு மணிக்குக் கோர்ட். அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க... வாத்தியார் ஆயுசுக்கும் வெளியே வரமாட்டார்!"

அபியோ மழித்த தலையைத் தடவிக்கொண்டாள். தங்கையைப் புதைத்த மறுநாள் ஊர் வழக்கப்படி மழித்தது. இன்னும் முடி முளைக்கவில்லை.

கென்யாவின் கிசுமு நகரத்துச் சின்ன இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் அவள் இன்ஜினீயர். அபியோ என்றால் இரட்டையரில் முதலில் வந்தவள். அடோங்கோ, பின்னால் வந்தவள். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்த தம்பி ஒக்கெல்லோ. பெயரைக் கேட்டாலே ஊரில் யாரும் வரிசையைச் சொல்லிவிடுவார்கள்.

அந்த வரிசையில் நடுவில் இப்போது ஆள் இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஏதோ வண்டி ஒரு பள்ளிக்கூடச் சிறுமியை அடித்துவிட்டு நிற்காமல் போனது. நர்ஸ் அடோங்கோவின் கையைப் பிடித்துக்கொண்டே அந்தக் குழந்தை செத்தது. அன்றிலிருந்து அடோங்கோ பைத்தியம் பிடித்தவளாக அந்த வண்டியைத் தேடினாள். 'விபத்தை நான் பார்த்தேன். படகுத்துறைக்குத் தனியாக வா' என்று கிளினிக் வெப்சைட்டில் அவளுக்கு ஒரு செய்தி வந்தது.

போனாள். திரும்பவில்லை.

அந்தச் செய்தி எந்த இன்டர்நெட் நம்பரிலிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டபோது, அபியோ அழுதுகொண்டே பதிவேட்டைத் திறந்தாள். நம்பருக்கு நேராக இருந்த பெயர்... ஒம்பேவா! அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. மாடு முட்டியது என்றார். யார் கேட்டார்கள்? கூட்டம் காரைக் கொளுத்தி, அவர் விலா எலும்பு இரண்டை முறித்தது.

மூன்றாம் நாள்தான் அபியோவுக்கு உறைத்தது.

அந்த நம்பர் இப்போது வாத்தியாருடையது மட்டுமல்ல! கம்பெனியிடம் பழைய முறை நம்பர்கள் தீர்ந்துபோனபோது, அவருடைய தனி நம்பரைப் பிடுங்கி, மன்யாட்டா குடியிருப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பொதுவாகப் போட்டார்கள். எந்த வீட்டிலிருந்து என்ன போனாலும் வெளியே ஒரே நம்பர்தான் தெரியும். உள்ளே எந்த வீடு என்று குறித்து வைக்க அந்தச் சின்னக் கம்பெனியில் வழி இல்லை. பதிவேட்டில் வாத்தியார் பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

அழித்திருக்க வேண்டியவள் அபியோ.

முட்டிசோவிடம் சொல்லித்தான் பார்த்தாள். "ஆயிரம் சொல்லுங்க மேடம், கார் நசுங்கியிருக்கே!" என்றார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். வெறுப்பதற்கு அவளுக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசியது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நம்பரைப் படிக்கறேன். என்ன மேடம் இது, ரயில் மாதிரி நீளமா இருக்கு! நடுநடுவுல எழுத்து வேற வருது..."

அபியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார்! அது புது முறை நம்பர்! அதுல தட்டுப்பாடே கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி!"

"அப்போ இந்தத் தடவை நானூறு வீடு இல்லையா?"

"ஒரே வீடு சார். புது முறைக்கு மாத்தினது இதுவரைக்கும் பதினோரு வீடுதான். அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்..."

இரண்டு வருடம் முதலாளியிடம் சண்டை போட்டு அவள் வாங்கிய புது முறை! தங்கைக்காக இதுவாவது பேசட்டும். அவர் படித்த நம்பரைக் குறித்துக்கொண்டு பட்டியலைத் திறந்தாள். விரலை வைத்துத் தேடினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை.

முதல் வரி.

அவளுடைய சொந்த வீடு!

மூன்று தடவை சரிபார்த்தாள். எழுத்துக்கு எழுத்து அதேதான். போன சனிக்கிழமை அவளே கூரையேறி இன்டர்நெட் பெட்டியை மாற்றினாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள்... பின்கட்டு அறையில் ஒக்கெல்லோ.

போன சனிக்கிழமை வரை அந்த நானூற்றுப் பன்னிரண்டில் அவள் வீடும் ஒன்று!

ஒக்கெல்லோ மினிபஸ் ஓட்டுகிறவன். போன மாதம் முன் பம்பரை மாற்றினான். 'ஆடு குறுக்கே வந்துடுச்சு அக்கா' என்றான். அன்றைக்கு அவள் சிரித்தாள்... அந்த ஆட்டுக்காவது ஒரு மெழுகுவர்த்தி ஏற்று என்று.

ஆபீஸ் கதவு திறந்தது.

"அக்கா! மூணு நாளா நீ சாப்பிடலை. திலாப்பியா மீன் பொரிச்சது, உகாலிக் களி... சூடு ஆறதுக்குள்ள உட்காரு!"

ஒக்கெல்லோ தூக்கை மேஜையில் வைத்தான். அவனுக்கும் மழித்த தலை.

"நேத்து ராத்திரி கிளினிக்குக்கு எழுதினது நீதானே?"

"எதை எழுதினேன்?"

"மஞ்சத் துணி, படகுக் கயிறு."

அவன் கை தூக்கின் மேலேயே நின்றுவிட்டது.

"'சாட்சி இல்லேன்னா கேஸ் நிக்காது'ன்னு நேத்து நீதானே அக்கா அழுத..."

"அதுக்கு? போலீஸ் சொல்லாத துணி உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒக்கெல்லோ! அந்தக் குழந்தையை அடிச்சது யாரு?"

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"பிரேக் பிடிக்கலை அக்கா... பயந்துட்டேன். அடோங்கோ அக்கா ஊரெல்லாம் வண்டி வண்டியா கேட்டுக்கிட்டு அலைஞ்சா. தனியாப் பார்த்து கெஞ்சலாம்னுதான் வரச் சொன்னேன்..."

"பேர் போடாமலா கெஞ்சுவே?"

"என்னைப் பார்த்ததும் அவ... அவ சந்தோஷப்பட்டா அக்கா! 'நீயும் பார்த்தியாடா தம்பி? சாட்சி சொல்லத்தான் வந்தியா?'ன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டா."

அபியோ வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு நாளாக அழுதது போதாமல் மறுபடியும் அழுகை வந்தது.

"நான்தான்னு சொன்னேன். 'வா, ஸ்டேஷனுக்குப் போகலாம், நானும் கூட வர்றேன்'னு கையைப் பிடிச்சு இழுத்தா. உதறித் தள்ளினேன்... பாறை..." அவன் முழங்காலிலேயே நகர்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். "அக்கா! ரெண்டு மணி நேரம் கொடு. உகாண்டா எல்லைக்குப் போயிடறேன். உனக்கு இருக்கறது நான் ஒருத்தன்தானே!"

உண்மைதான். அதுதான் அவளை அறுத்தது. இந்த வரியை அழிக்க ஒரு நொடி போதும். முட்டிசோவுக்கு ஒன்றும் புரியாது. தம்பி மிஞ்சுவான்.

வாத்தியார் சிறையில் சாவார்.

போன சனிக்கிழமை இவன் கேட்டான்: 'இந்தப் புது நம்பரால என்ன லாபம் அக்கா?' கூரை மேலிருந்து அவள் சொன்னாள்: 'இனிமே ஒருத்தன் செஞ்ச தப்புக்கு அடுத்த வீட்டுக்காரன் மாட்ட மாட்டான்டா!'

"ரெண்டு மணி நேரம்..." என்றாள் மெதுவாக. "அடோங்கோவுக்கு நீ எவ்வளவு நேரம்டா கொடுத்தே?"

அவன் காலை விட்டான்.

அபியோ போனை எடுத்தாள். முட்டிசோவின் நம்பரைப் போட்டாள். தம்பி ஓடவில்லை. மூடிய தூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சார்... வாத்தியாரை விட்டுடுங்க. அவர் செய்யலை."

"என்ன மேடம் உளர்றீங்க? சாட்சி எங்கே?"

"அவன் சாட்சி இல்ல சார். அவன்தான் கொன்னான். குழந்தையை அடிச்சதும் அவன்தான். என் ஆபீஸ்லதான் இருக்கான், வண்டி அனுப்புங்க."

"பழைய மாதிரி நானூறு வீட்டுக்குப் பொது நம்பர்னு அப்புறம் சொல்லக்கூடாது!"

"சொல்ல மாட்டேன். பெட்டியை நானே கூரை ஏறி மாட்டினேன். கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டிருந்தவன்தான்... என் தம்பி ஒக்கெல்லோ."

முட்டிசோ தொண்டையைச் செருமினார். என்ன சொல்வது என்று தெரியாமல் எதையோ சொன்னார்.

"உங்க... உங்க புது நம்பர் நல்லா வேலை செய்யுது மேடம்."

"பிரமாதமா வேலை செய்யுது சார்!" என்றாள் அபியோ, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உபயோகிக்கத்தான் இனிமே வீட்டுல ஆள் இல்ல."